அனுமதி கிடைக்காத கார்: ஜி.டி.நாயுடுவின் வாழ்க்கையும் எங்கள் கராஜ்களும்

வவுனியா நகரிலிருந்து மன்னார் வீதியால் மேற்கே போனால் நெளுக்குளம் வரும். தொழில்நுட்பக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. வீதியோரம் கராஜ்கள், ரயர்க் கடைகள், வெல்டிங் பட்டறைகள். 2009இல் செட்டிகுளம் முகாம்களுக்கு எங்கள் சனத்தை ஏற்றிக்கொண்டு போன பஸ்கள் இந்த வீதியால்தான் போயின. இன்று அதே வீதியால் பிள்ளைகள் மோட்டார் திருத்தும் தொழில் படிக்கப் போகிறார்கள்.

ஐம்பது, அறுபது வயதைக் கடந்த ஒரு மெக்கானிக்கோடு பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எங்கே தொடங்கினாலும் கடைசியில் மண்ணெண்ணெய்க் கார் கதைக்கு வந்து சேர்வார்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் வடக்கின் பெரும்பகுதி பொருளாதாரத் தடைக்குள் வந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, உரம் என்று தடைப்பட்டியல் நீண்டுகொண்டே போனது. ஓடிய கார்கள் நின்றன. கொஞ்ச நாளில் அவை திரும்ப ஓடத் தொடங்கின, மண்ணெண்ணெயில். குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது. அதனால் சின்னப் போத்தலில் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேட்டருக்குள் விட்டு எஞ்சினை எழுப்புவார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களின் எஞ்சினில் அமுக்கம் குறைவு என்பதால் அவை இந்த வேலைக்கு இணங்கின. பின்னால் வந்த கார்கள் முரண்டு பிடித்தன. பிள்ளைப்பேற்றுக்குப் போன தாய்மாரும் காயப்பட்டவர்களும் அந்தப் புகைக்கும் மணத்துக்கும் நடுவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலானோரிடம் ஒரு சான்றிதழும் இல்லை. அவர்கள் செய்ததை எவரும் பதிந்து வைக்கவும் இல்லை.

இவர்களை நினைக்கும்போதெல்லாம் கடலுக்கு அப்பால், கோயம்புத்தூரில் வாழ்ந்து மறைந்த ஒரு மனிதரின் வாழ்க்கை ஞாபகத்துக்கு வருகிறது. அதற்குள் போவதற்கு முன் ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும்.

ஒரு அங்குலம் உயர்ந்த கார்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் ஆர்வமுள்ளவர்களுக்கு எம்.ஜி.பி. என்ற பெயர் தெரிந்திருக்கும். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் செய்யப்பட்ட கார் அது. அதற்குப் பெரிய சந்தை அமெரிக்கா. 1968 ஜனவரி முதல் அமெரிக்கா வாகனப் பாதுகாப்புக்குக் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. புகைக்கும் விதிகள் வந்தன. மெதுவான மோதலைப் பம்பர் தாங்க வேண்டும், முன்விளக்கு நிலத்திலிருந்து குறித்த உயரத்துக்குக் குறையக் கூடாது என்றெல்லாம் வருடத்துக்கு வருடம் விதிகள் கூடின.

கம்பனி என்ன செய்தது? 1974இன் பிற்பகுதியில் பளபளத்த பம்பரைக் கழற்றிவிட்டுத் தடித்த கறுப்பு ரப்பர் பம்பரைப் பூட்டியது. முழுக் காரையும் ஏறக்குறைய ஒரு அங்குலம் உயர்த்தியது. அமெரிக்காவுக்குப் போன கார்களில் இரண்டு காபரேட்டர்களின் இடத்தில் ஒன்றை வைத்தது. அழகும் வலுவும் குறைந்தன. வளைவில் திரும்பும்போது முன்னைய பிடிப்பு இல்லை. ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். ஆனால் கார் கப்பலேறியது, விற்பனையும் தொடர்ந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விதி எழுத்தில் இருந்தது. எவ்வளவு உயரம், எவ்வளவு புகை என்று அளவு சொல்லப்பட்டிருந்தது. அளவு தெரிந்தால் தொழில் தெரிந்தவன் காரை அதற்கேற்ப மாற்றிவிடுவான். அளவே சொல்லாமல் அனுமதி இல்லை என்று மட்டும் ஒரு பதில் வந்தால்? எந்த ஆணியைக் கழற்றுவது, எந்தத் தகட்டை வெட்டுவது?

அந்தப் பதிலை வாங்கியவர்தான் ஜி.டி.நாயுடு.

மூன்றாம் வகுப்பும் ஒரு மோட்டார் சைக்கிளும்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23ஆம் திகதி கோயம்புத்தூருக்கு அருகில் கலங்கல் என்ற கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாயைச் சிறு வயதிலேயே இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. தோட்ட வேலை செய்தார். தமிழ்ப் புத்தகங்களைத் தானாகவே வாசித்துப் பழகினார்.

ஒருநாள் கிராமத்துப் பாதையால் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடும் வண்டியை அந்த இளைஞர் கண்டது அதுதான் முதல் தடவை. அது எப்படி ஓடுகிறது என்று அறியாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை தேடிக் கோயம்புத்தூருக்குப் போனார். ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறுபவராகச் சேர்ந்து, சில வருடங்கள் காசைச் சேர்த்து, அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

வாங்கியதை ஓட்டித் திரிந்து பெருமை பார்க்கவில்லை. பாகம் பாகமாகக் கழற்றினார். திரும்பப் பூட்டினார். அதுதான் அவர் படித்த பொறியியல். எங்கள் ஊர்க் கராஜ்களில் பொடியன்கள் எஞ்சினைக் கழற்றிப் பூட்டிப் பழகுவதும் இதே பாடம்தான்.

பிறகு பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். முதலாம் உலகப் போர்க் காலத்தில் நல்ல லாபம் வந்தது. அந்தத் துணிவில் பம்பாய்க்குப் போய்ப் பெரிய அளவில் பருத்தி வாங்கி விற்கப்போய், கைப்பொருளை இழந்து திரும்பினார்.

கோயம்புத்தூரில் அப்போது பெரிய தொழிலதிபராக இருந்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர். வெறுங்கையோடு வந்த நாயுடுவின் திறமையை அவர் மதித்தார். ஒரு பஸ்ஸை வாங்குவதற்குக் கடன் கொடுத்து உதவினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில் அந்த பஸ் ஓடத் தொடங்கியது. சாரதி நாயுடுவேதான்.

ஒரு பஸ்ஸிலிருந்து 280 வரை

அந்தக் காலத்தில் பஸ்ஸின் எஞ்சினும் சட்டகமும் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும். உடலை இங்கே கட்டிக்கொள்வார்கள். எங்கள் வடபகுதியின் தட்டி வான் பிறந்ததும் இப்படித்தான்: பிரித்தானியச் சட்டகத்தின் மேல் எங்கள் ஊர்த் தச்சனின் பலகை. இங்கிலாந்தின் தார் வீதிக்குச் செய்த வண்டியைக் கொங்குநாட்டின் புழுதிப் பாதைக்கும், சந்தைக்குப் போகும் விவசாயியின் மூட்டைக்கும் ஏற்றதாக்க வேண்டும். நாயுடு அந்தத் தொழிலின் உள்ளும் புறமும் கற்றார்.

ஒரு பஸ் பலவானது. யூ.எம்.எஸ். என்று மக்கள் அழைத்த யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் கம்பனியிடம் 1933இல் 280 வாகனங்கள் இருந்தன. எண்ணிக்கையை விட, அதை அவர் நடத்திய விதம்தான் பேசப்பட்டது. பஸ் நேரத்துக்குப் புறப்பட வேண்டும், நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வேலையாட்களிடம் அவர் காட்டிய கண்டிப்பு எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. விடாப்பிடியான மனிதர். தான் நினைத்ததே சரி என்று நிற்பவர். அந்தக் குணம் அவரை உயர்த்தியது. பின்னால் அதே குணத்தால் இழந்ததும் உண்டு.

பஸ் தொழிலோடு அவர் நிற்கவில்லை. எஞ்சினின் அதிர்வைச் சோதிக்கும் கருவி, பழச்சாறு பிழியும் கருவி, மிக மெல்லிய சவர அலகு, மோசடி செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று வரிசையாகச் செய்தார். சிறு மோட்டாரில், பற்றரியில் ஓடும் அவருடைய சவரக் கருவி ரசாந்த் என்ற பெயரில் ஜேர்மனியில் தயாரானது. 1936இல் மாகாணத் தேர்தலிலும் நின்று பார்த்தார், தோற்றார்.

அவர் செய்தவற்றில் ஒன்று மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி. மின்சாரம் இல்லாத வீட்டுக்குக் காற்று. மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, மண்ணெண்ணெய்க் காரில் பயணித்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1937இல் பீளமேட்டில், டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவிலேயே முதலாவது மின் மோட்டாரைச் செய்தார்கள். கோயம்புத்தூர் இன்று மோட்டாருக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் பெயர்போன நகரம். எங்கள் வன்னித் தோட்டக் கிணறுகளிலும் கோயம்புத்தூர்ப் பம்புகளைக் காணலாம். அந்தத் தொழிலின் வேர் அங்கே இருக்கிறது. 1941இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாவுக்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார்.

இரண்டாயிரம் ரூபாக் கார்

இப்போது அந்தக் காருக்கு வருவோம்.

1952இல் நாயுடு ஒரு பெற்றோல் கார் செய்தார். இரண்டு பேர் இருந்து போகலாம். விலை 2,000 ரூபா மட்டுமே. கார் என்றால் ஜமீன்தாரும் மில் முதலாளியும் வைத்திருக்கும் பொருள் என்று இருந்த காலத்தில், நடுத்தரக் குடும்பம் ஒன்றும் நினைத்துப் பார்க்கக்கூடிய விலை அது.

சுதந்திர இந்தியா அப்போது தன் தொழில்களைத் திட்டமிட்டு வளர்க்க முனைந்திருந்தது. 1951இன் தொழில்கள் அபிவிருத்தி, ஒழுங்குபடுத்தல் சட்டம் 1952இல் நடைமுறைக்கு வந்தது. முக்கியமான தொழில்களில் எதைத் தயாரிப்பதற்கும் டெல்லியின் லைசென்ஸ் வேண்டும். வெளிநாட்டுக் கார்களின் இறக்குமதியையும் அரசு இறுக்கியது. பாகங்களை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து பூட்டி மட்டும் விற்ற ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1950களின் நடுப்பகுதிக்குள் இந்தியாவில் கடையை மூடின. மிச்சமிருந்த ஒருசில கம்பனிகளுக்கே நாட்டின் கார்ச் சந்தை முழுவதும் என்றானது.

உள்நாட்டுத் தொழிலைக் காக்க வேண்டும் என்ற எண்ணத்தில் பிழை இல்லை. ஏழை நாடு தன் அந்நியச் செலாவணியைக் கணக்குப் பார்த்துத்தான் செலவழிக்க வேண்டும். ஆனால் நாயுடுவின் கார் உள்நாட்டில், உள்நாட்டுக் கையால் செய்த கார். காக்க வேண்டிய பொருள் அதுதான். அதற்கே லைசென்ஸ் கிடைக்கவில்லை. தயாரிப்பு நின்றது.

அபிங்டன் தொழிற்சாலைக்கும் கோயம்புத்தூர்ப் பட்டறைக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். அமெரிக்கச் சட்டம் எம்.ஜி.பி. காரிடம் இன்னும் ஒரு அங்குலம் உயர்ந்து வா என்றது. கார் உயர்ந்தது. நாயுடுவின் காரிடம் அப்படி ஒரு அங்குலம் கேட்கப்பட்டிருந்தால், மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டிய அந்தக் கைகள் ஓரிரவில் அதைச் செய்து முடித்திருக்கும். இங்கே குறை காரில் இல்லை. ஆகவே திருத்துவதற்கும் எதுவும் இல்லை.

அரசோடு அவருக்கு மோதல் முற்றியது. வரிகளையும் அதிகாரிகளின் ஒத்துழையாமையையும் கண்டித்து, தான் செய்த பொருட்களையே மக்கள் முன்னிலையில் உடைத்துக் காட்டினார். அது சரியான போராட்டமா என்று அன்றே கேள்வி எழுந்தது. செய்த கையே உடைக்கும் நிலைக்கு வந்தது என்றால் அந்த மனம் எவ்வளவு வெந்திருக்கும் என்பதை, வீட்டையும் தோட்டத்தையும் விட்டுவிட்டு நடந்த எங்களால் ஓரளவு உணர முடியும்.

நாலு வருடமா, இரண்டு வருடமா?

காருக்கு முன்பே இன்னொரு மோதல் நடந்திருந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு முக்கியமானது அதுதான்.

1945இல் நாயுடுவின் முயற்சியாலும் கொடையாலும் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பொலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கின. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவரின் பெயர் அது. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் அந்தக் கல்லூரியின் அதிபரானார்.

பொறியியலைப் படிக்க நாலு வருடம் எதற்கு என்பது அவருடைய கேள்வி. காலையிலிருந்து மாலைவரை பட்டறையில் நிற்க வைத்து, செய்து பழக விட்டால் இரண்டு வருடம் போதும் என்பது அவர் கணக்கு. பிரித்தானிய அரசு அதை ஏற்கவில்லை. நாயுடு பதவியை விட்டு விலகினார். கல்லூரி பின்னர் அரசிடம் போய், வேறு இடத்துக்கு மாறி, இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் இயங்குகிறது. ஆனால் அவினாசி வீதியில் அந்தப் பழைய இடத்தை இன்றும் சனம் ஹோப் காலேஜ் என்றுதான் சொல்கிறது.

எல்லாப் பொறியியலையும் இரண்டு வருடத்தில் படிக்கலாம் என்ற அவருடைய வாதத்தை முழுதாக ஏற்க வேண்டியதில்லை. பாலத்தின் கணக்கில் பிழைத்தால் ஆட்கள் சாவார்கள். அங்கே ஆழ்ந்த படிப்பு வேண்டும். ஆனால் செய்யத் தெரிந்தவனுக்கு எழுதத் தெரிந்தவனுக்குள்ள மரியாதை வேண்டும் என்ற அவருடைய அடிப்படை நியாயம் இன்றும் அப்படியே இருக்கிறது.

1974 ஜனவரி 4ஆம் திகதி நாயுடு காலமானார். அவர் சேர்த்தவையும் செய்தவையும் கோயம்புத்தூரில் கண்காட்சியாக இருக்கின்றன. அவர் பெயரோடு ஒரு கார் அருங்காட்சியகமும் இருக்கிறது. 2025 ஒக்டோபரில் அவினாசி வீதியில் 10.1 கிலோமீற்றர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டு அவர் பெயர் சூட்டப்பட்டது. அந்தப் பாலத்தின் மேல் நாளாந்தம் ஆயிரக்கணக்கான கார்கள் போகின்றன. அவர் செய்த கார் அவற்றில் இல்லை.

திரும்பவும் நெளுக்குளம்

வவுனியாவில் வாழ்ந்தவர்களுக்கு அனுமதி என்ற சொல்லின் பாரம் தெரியும். தாண்டிக்குளமும் ஓமந்தையும் இரட்டைபெரியகுளமும் எங்களுக்கு வெறும் ஊர்ப்பெயர்கள் அல்ல. பாஸ் இருந்தால் போகலாம், இல்லாவிட்டால் நிற்க வேண்டும். எதைத் திருத்திக்கொண்டு வந்தால் விடுவார்கள் என்று எவரும் சொன்னதில்லை. பெற்றோல் தடைக்குப் பதிலை எங்கள் மெக்கானிக்குகள் காபரேட்டருக்குள் கண்டுபிடித்தார்கள். பாஸ் இல்லாததற்குப் பதிலை எந்த எஞ்சினுக்குள்ளும் கண்டுபிடிக்க முடியவில்லை.

போர் முடிந்த பின்னும் தாள்தான் கேட்கிறார்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை அரசு 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிட்டது. புதிய கார்கள் வருகின்றன. கலப்பு எஞ்சினும் கணினியும் கொண்ட கார்கள். அவற்றைத் திருத்தும் பெரிய கம்பனிகளில் வேலைக்குப் போனால் முதலில் என்.வி.கியூ. சான்றிதழைக் கேட்கிறார்கள். தடைக் காலத்தில் ஒன்றுமில்லாமல் காரை ஓட்டிக் காட்டியவர், வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது தொழில் தெரியாதவராக நிற்கிறார்.

இங்கே ஒரு வழி இருக்கிறது. பலருக்கு அது தெரியாது. என்.வி.கியூ. முறையில், வகுப்புக்குப் போகாமல் வேலையிலேயே தொழில் பழகியவர்களின் முன்அனுபவத்தைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு உண்டு. செய்து காட்ட வேண்டும். தொழில் தெரிந்திருந்தால் தேறலாம். அளவு சொல்லப்பட்ட, எழுத்தில் உள்ள விதி இது. ஒரு அங்குலம் உயர்த்தினால் போகலாம் என்ற வகை விதி. நாயுடுவின் காருக்குக் கிடைக்காத வாய்ப்பு எங்கள் மெக்கானிக்குகளுக்கு இருக்கிறது. உங்கள் வீட்டிலோ அயலிலோ அப்படி ஒருவர் இருந்தால், தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்துப் பாருங்கள். ஐம்பது வயதுக்கு மேல் இனிச் சான்றிதழ் எதற்கு என்று அவர் சொல்வார். அவர் சொல்வதைக் கேட்காதீர்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. நாயுடுவின் கருவிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக உள்ளன. எங்கள் மண்ணெண்ணெய்க் கார்கள் இரும்புக்குப் போய்விட்டன. சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்ட வித்தையும், ஒரு துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பிய வித்தையும் சிலருடைய கைகளிலும் ஞாபகத்திலும் மட்டும் இருக்கின்றன. தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் ஒரு மாலையில் வீதியைக் கடந்து அந்தக் கராஜ்களுக்குப் போகலாம். எந்தக் காரில், எந்தப் பாகத்தை, எப்படி மாற்றினார்கள் என்று கேட்டு, படம் வரைந்து எழுதி வைக்கலாம். அந்த மெக்கானிக்குகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.